ஏற்றமாட்டேன்! ஏறமாட்டேன்!

“பேருந்து எங்கே நிற்கும், தோழர்?”

சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கிய நண்பர், சென்னை விமான நிலையத்துப் பன்னாட்டு முனையத்தின் வாயிலில், நலம் கேட்ட கையோடு கேட்ட கேள்வி இது. ஊருக்குப் புதிதாக வருபவர் எவரும் கேட்கக்கூடிய எளிய கேள்விதான். ஆயினும் என் நா எழவில்லை. ஏனெனில், அவரை அழைத்துச் செல்வதற்கென்று உத்திரமேரூரிலிருந்தே வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு வந்திருந்தேன். ஓட்டுநர் சற்றுத் தொலைவில் நின்று கையசைத்துக் கொண்டிருந்தார்.

“காரா? நாம் இருவர், பெட்டி ஒன்று. இதற்கு எதற்குக் கார்? எங்கள் சாங்கி விமான நிலையத்தில் முனையத்துக்கு அடியிலேயே 36ஆம் எண் பேருந்து வந்து நிற்கும். அலுவலகம் போகிறவரும் அதில்தான் வருவார். அயல்நாடு போய்த் திரும்புகிறவரும் அதில்தான் வருவார். இங்கேயும் அப்படி ஒன்று இருக்குமே!”

மெட்ரோ ரயில் இருக்கிறது, 2016 முதல் விமான நிலையத்திலிருந்தே புறப்படுகிறது என்றேன். “அதில் திரும்பும்போது போகலாம். பேருந்தில் போனால்தான் ஊர் தெரியும், ஊரார் தெரிவார்கள்” என்றார். பேசிய தொகையை ஓட்டுநரிடம் கொடுத்து, வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினேன். பணம் போனது பெரிதல்ல. அந்தக் காரை நான் ஏன் அமர்த்தினேன் என்ற கேள்வி மட்டும் என்னோடு பேருந்தில் ஏறி, பாரிமுனை வரையில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

படிப்பகங்களில் சமத்துவம் பேசுகிறவன் நான். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையேறி முழங்குகிறவன். அப்படிப்பட்ட எனக்குள், ‘விமானத்தில் வருபவரைப் பேருந்தில் ஏற்றி அழைத்து வருவதா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?’ என்று ஒரு குரல் கேட்டதே, அது யாருடைய குரல்? அந்த நாலு பேர் யார்? அவர்களைக் கண்டவர் உண்டா? கடவுளுக்காவது கோயிலில் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். இந்த நாலு பேருக்கு அதுவும் இல்லை. இருந்தும், கடவுளுக்கு அஞ்சாத பகுத்தறிவாளன்கூட இந்த நால்வருக்கு அஞ்சி, கடன் வாங்கிக் காணிக்கை செலுத்துகிறான்!

கடன் என்று வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை. எங்கள் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், குத்தகை நிலம் உழுது பிழைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை செய்பவன். மூன்றாண்டுகள் கழித்து முதன்முறையாக விடுமுறையில் அவன் வந்தபோது, பெரியவர் ஐயாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கினார். வேன் ஒன்றை அமர்த்தி, சுற்றத்தாரை ஏற்றிக்கொண்டு, நள்ளிரவில் போய் மகனை அழைத்து வந்தார். வேன் தெருமுனையில் திரும்பும்போது ஒலிப்பானை இருமுறை அடிக்கச் சொன்னதாகவும் கேள்வி. “இதெல்லாம் எதற்கு ஐயா?” என்று கேட்டேன். “விமானத்தில் வருகிற பிள்ளை, பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊர் மதிக்குமா தம்பி?” என்றார்.

அந்தப் பிள்ளை, அங்கே பாலைவெயிலில், நிறுவனத்தார் ஏற்பாடு செய்த தொழிலாளர் பேருந்தில்தான் மூன்றாண்டுகளாக நாள்தோறும் வேலைக்குப் போய் வந்தான். அங்கே அவனை ஏற்றியதும் பேருந்து. இங்கே அவன் தந்தை வெட்கப்பட்டதும் பேருந்து. மகனுடைய ஊதியத்தின் முதற்செலவு அந்த வட்டி!

பெரியவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. கடன் வாங்காமல் அதே பிழையைச் செய்தவன் நான், வேறுபாடு அவ்வளவுதான்.

இந்த வெட்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பேருந்து என்பது வெறும் வண்டியாக வந்ததன்று. வழி நடப்பதற்கே வழக்காடிய நாடு இது. 1924இல் வைக்கத்தில் மக்கள் கேட்டது கோயில் கருவறையை அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமையை. தெரு கிடைத்த இடங்களில் அடுத்த வழக்கு வண்டியைப் பற்றி எழுந்தது. காசு கொடுத்தாலும் ஆதிதிராவிடரை ஏற்றமாட்டோம் என்றனர் தனியார் பேருந்து முதலாளிகள். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், அப்படி ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். ஏட்டில் எழுதிய ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை, உரிமத்தைத் தொட்ட அந்த ஓர் ஆணை செய்தது. அதே சௌந்தரபாண்டியனார் தலைமையில்தான் 1929 பிப்ரவரியில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. கூடிய இடம் எது? எங்கள் உத்திரமேரூர்க்காரர்கள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வண்டி மாறுகிற செங்கல்பட்டு!

கடல் கடந்தும் பாருங்கள். அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், 1955 டிசம்பர் முதல் நாளன்று, வெள்ளையருக்காக எழுந்து நிற்க மறுத்தார் ரோசா பார்க்ஸ் என்னும் தையற்கலைப் பெண்மணி. கைது செய்தார்கள். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் கால் வைக்கவில்லை, நடந்தார்கள். பேருந்தை வெறுத்தா நடந்தார்கள்? பேருந்தில் சமமாக அமர்வதற்காக நடந்தார்கள்!

இந்த வரலாற்றை நினைத்துக்கொண்டு அந்தப் பெரியவருடைய வேனை நினைத்தேன், நெஞ்சு கனத்தது. அன்று ‘ஏற்றமாட்டேன்’ என்றவன் எதற்காக அப்படிச் சொன்னான்? பக்கத்தில் இன்னார் உட்கார்ந்தால் தன் உயர்வு கெடும் என்று. இன்று சற்றே கை நிமிர்ந்தவன் ‘ஏறமாட்டேன்’ என்கிறானே, எதற்காக? பக்கத்தில் எல்லாரும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தால் தன் உயர்வு தெரியாது என்று. முன்னவன் பிறரைக் கீழே தள்ளினான். பின்னவன் தான் மட்டும் விலகி நிற்கிறான். செயலில் வேறுபாடு பெரிது, மறுக்கவில்லை. ஒருவன் செய்தது கொடுமை, மற்றவன் செய்வது பேதைமை. ஆனால் இருவர் நெஞ்சிலும் படிந்திருப்பது ஒரே அழுக்கு: பொது என்றால் மட்டம்.

பொதுக்கிணறு, பொதுப்பள்ளி, பொதுமருத்துவமனை, பொதுப்பேருந்து — இவற்றுக்காகப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள், அவற்றை விட்டு வெளியேறுவதையே முன்னேற்றம் என்று கொண்டாடுகிறார்கள். வெளியேற வழியில்லாதவன் மட்டும் அங்கே மிஞ்சுகிறான். மிஞ்சியவன் ஏழை என்பதால் அவன் இருக்கும் இடத்தை எவரும் கவனிப்பதில்லை. கவனிக்காததால் அது கெடுகிறது. கெட்டதைக் காட்டி, “பார், பொது என்றால் இப்படித்தான்” என்கிறார்கள்!

“நிறுத்தும் ஐயா!” என்று குறுக்கிடுவார் ஒருவர். “நான்கு பெட்டி, கைக்குழந்தை, முழங்கால் வலியுள்ள தாயார் — இவர்களை வைத்துக்கொண்டு நள்ளிரவில் பேருந்துக்குக் காத்திருக்கச் சொல்கிறீரா? அதுதான் உமது புரட்சியா?” இல்லை. நோயாளிக்கும் முதியவருக்கும் சுமையுள்ளவருக்கும் வாடகை வண்டி தேவை. தேவைக்கு அமர்த்துவதில் இழிவும் இல்லை, ஏற்றமும் இல்லை. நான் கேட்பது, ஒரு பெட்டியோடு வந்த என் நண்பருக்கு நான் அமர்த்திய காரைப் பற்றி. அதில் தேவை எங்கே இருந்தது?

இன்னொருவர் வேறு பக்கமிருந்து வருவார். “விமானத்தில் பறப்பவன் பணக்காரன். அவன் ஏறி இறங்க மக்கள் வரிப்பணத்தில் பேருந்து எதற்கு? அந்தப் பேருந்தைச் சாலவாக்கத்துக்கு விடலாமே!” கேட்பதற்கு ஏழை பங்காளன் பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் விமான நிலையத்துக்குப் போகிறவரெல்லாம் பறக்கப் போகிறவரா? தரையைத் துடைப்பவர், பெட்டி சுமப்பவர், தேநீர் விற்பவர், இரவுக்காவல் நிற்பவர் எல்லாம் நாள் தவறாமல் அங்கே போய் வருகிறார்கள். அவர்களுள் யார் காரில் வருகிறார்? பறப்பவர்களை எண்ணினாலும், வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் உழைப்பை விற்கப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! காலில் ரப்பர்ச் செருப்பு அணிந்தவனும் விமானம் ஏற வேண்டும் என்று சொல்லி, 2017இல் நடுவண் அரசு ‘உடான்’ திட்டத்தின் விமானங்களைப் பறக்கவிட்டது. நல்லது, ஏறட்டும். அந்தச் செருப்புக்கால் விமானத்தின் படிக்கட்டு வரையில் எதில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இனி, நாங்கள் பேருந்து ஏறிய கதைக்கு வருகிறேன்.

சென்னையில் நகரப் பேருந்துகள் ஓடுவது, விமான நிலையத்துக்கு முன்னால் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில். முனையத்தை விட்டு வெளியே வந்து, கார்களுக்கான வளைவுகளையும் 2022 டிசம்பரில் திறந்த பல அடுக்கு வாகன நிறுத்தத்தையும் கடந்து, பெட்டியை உருட்டிக்கொண்டு சாலைக்கு நடந்தோம். கிண்டிப் பக்கம் போகிறவர் விமான நிலையத்தை ஒட்டிய ஓரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். தாம்பரம், கிளாம்பாக்கம் பக்கம் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் சுரங்கப்பாதை வழியே திரிசூலம் ரயில் நிலையத்துப் பக்கம் சென்று ஏற வேண்டும். இதை நான் நண்பருக்கு விளக்கிச் சொன்னேன். ஆனால் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இல்லாதவன் என்ன செய்வான்?

நடக்கும்போது நண்பர் திரும்பிப் பார்த்தார். “உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயர், பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயர். சரிதானே?” என்றார். சரிதான் என்றேன். ஒருவர் ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் சோறு போட்டவர். மற்றவர் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்து முதலமைச்சராக உயர்ந்தவர். பெயரை வாயிலுக்கு மேலே எழுதி வைத்தோம். வாயிலுக்கு வரும் வழியைக் கார் வைத்திருப்பவனை மனத்தில் கொண்டு வளைத்து வளைத்துப் போட்டோம். அவ்வப்போது முனையத்திலிருந்தே பேருந்து விட்டுப் பார்த்ததும் உண்டு. ஆயினும் ‘விமான நிலையம் என்றால் பேருந்து’ என்ற நினைவு மக்கள் நெஞ்சில் வேரூன்றவில்லை.

செய்ய முடியாத செயலா இது? பெங்களூரில் 2008இல் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்தபோது, நகரின் பல மூலைகளுக்கும் ‘வாயு வஜ்ரா’ என்று பெயரிட்டுப் பேருந்து விட்டார்கள். கட்டணம் சற்று மிகுதிதான், ஆனால் முனையத்தின் முன்னாலேயே நிற்கிறது. நியூயார்க்கில் லகார்டியா விமான நிலையத்துப் பேருந்தில் 2022 மே முதல் கட்டணமே வேண்டாம் என்றார்கள். பணக்கார நாட்டில், பணக்கார நகரில்! நம்மிடம் மெட்ரோ வந்தது பாராட்டத்தக்க பணி. ஆனால் மெட்ரோ இரவில் உறங்கிவிடும். வளைகுடா விமானங்களோ பெரும்பாலும் இரவில்தான் வந்து இறங்குகின்றன. இரவில் இறங்குகிறவன் ஏழையாக இருந்தால், விடியும்வரை தரையில் துண்டை விரித்துப் படுக்கிறான். இல்லையேல் வட்டிக்கு வாங்குகிறான்.

பேருந்து வந்தது. கூட்டம். என் நண்பர் பெட்டியோடு ஏறியபோது, பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மையார் ஒருவர், “இந்தப் பக்கம் வையுங்க தம்பி” என்று காலை ஒதுக்கி இடம் தந்தார். அவருக்குச் சீட்டுக்குக் காசில்லை. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம். பரங்கிமலை கடப்பதற்குள், நண்பர் எந்த நாட்டிலிருந்து வருகிறார், எத்தனை பிள்ளைகள், அங்கே மல்லிகை முழம் என்ன விலை என்பதெல்லாம் அந்த அம்மையாருக்குத் தெரிந்துவிட்டது. காரில் போயிருந்தால் நானும் அவரும் கண்ணாடிக்கு உள்ளே அமர்ந்து சமத்துவத்தைப் பற்றி உரையாடிக்கொண்டு போயிருப்போம்!

மறுநாள் அவரை உத்திரமேரூருக்கு அழைத்து வந்தேன் — கிளாம்பாக்கம், செங்கல்பட்டு, புக்கத்துறைக் கூட்டுச்சாலை என்று பேருந்திலேயே. குடவோலைக் கல்வெட்டைக் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய எழுத்துகள். முப்பது குடும்புகள், குடத்தில் ஓலை, சிறுவன் ஒருவன் எடுத்துக் கொடுப்பான். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது, அவன் உறவினனும் கூடாது என்ற விதியைப் படித்து நண்பர் வியந்தார். வியக்க வேண்டியதுதான், அந்த ஒரு விதியை இன்று நடைமுறைப்படுத்தினால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எனக்கும் ஐயம் உண்டு.

ஆனால் மற்ற விதிகளையும் படித்தோம். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் குறைந்தாலும் வேதம் மிகுந்தால் சலுகை உண்டு. ஊரின் பெயரோ உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்! உழுதவன் பெயர் ஓலையில் ஏற வழியில்லை. நெய்தவன் பெயருக்கு இல்லை. பெண்ணுக்கு இல்லவே இல்லை. நண்பர் நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “குடத்தை நடுவில்தான் வைத்திருக்கிறார்கள்; குடத்துக்கு வரும் வழியைத்தான் அடைத்திருக்கிறார்கள்” என்றார். நேற்று நடந்து வந்த வளைவுகள் எனக்கு நினைவு வந்தன.

நாளைக்கும் இந்தக் கேள்வி நமக்கு உண்டு. 2022 ஆகஸ்ட்டில், சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் அமையும் என்று அறிவித்தார்கள். பல ஊர்களின் நிலத்தைத் தொடும் திட்டம். ஏகனாபுரத்து மக்கள் ஏரியும் வயலும் போகுமென்று எதிர்த்துப் போராடினர். அந்த வழக்கு தனியே, விரிவாக எழுத வேண்டியது. இங்கே ஒரு வரியில் தீர்ப்பளிக்க மாட்டேன். ஓடுபாதை எத்தனை, முனையம் எத்தனை, அங்கே போக விரைவுச்சாலை எத்தனை அகலம் என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. நிலம் கொடுக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறவனுடைய மகள், ஒரு நாள் அந்த நிலையத்தில் வேலைக்குப் போகவோ விமானம் ஏறவோ நேர்ந்தால், எந்தப் பேருந்தில் போவாள்? அது எங்கே நிற்கும்? இதைப் படிக்கும் இளைஞர்கள் தங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்வி இது.

குத்தகைப் பெரியவரின் மகன் சென்ற ஆண்டு மறுபடியும் விடுமுறையில் வந்தான். இம்முறை அவனே தொலைபேசியில் சொல்லிவிட்டானாம்: “அப்பா, வண்டி வேண்டாம். காலையில்தான் இறங்குகிறேன். நீங்கள் மட்டும் வாருங்கள்.” பெரியவருக்குத் தனியே போக அச்சம்; என்னைத் துணைக்கு அழைத்தார். வெளுத்த வேட்டியோடு, தெருவில் யாரும் பார்க்குமுன், முதல் பேருந்திலேயே புறப்பட வேண்டும் என்றார். புறப்பட்டோம்.

மகன் வந்தான், இரண்டு பெட்டி, ஒரு போர்வைக்கட்டு. சுரங்கப்பாதையைக் கடந்து, திரிசூலம் பக்கத்து நிறுத்தத்தில் நின்றோம். பெரியவர் அடிக்கொரு தரம் சுற்றும் முற்றும் பார்த்தார். கிளாம்பாக்கம் பேருந்து வந்தது. நடத்துநர் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “இந்த லக்கேஜ் யாருடையது?” என்று குரல் கொடுத்தார். மகன் வாய் திறக்குமுன் பெரியவர் கையை உயர்த்தினார்.

“எங்களுடையதுதான் ஐயா. துபாயிலிருந்து வருகிறது. எவ்வளவு?”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. நடத்துநர் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். யாரோ எழுந்து பெரியவருக்கு இடம் கொடுத்தார்கள்.